பதினொரு கிராம் சன்னம்

பேனாட்டுக்கு வேட்டை உரிமம் கிடைத்த வருடத்தில், அந்தச் செய்தியை டொறத்தி சொல்லாமல் விட்ட ஆள் வுப்பர்டாலில் யாராவது உண்டா என்று தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றவர்களுக்குச் சொன்னாள். கருவாடு நிறுத்துத் தந்த கடைக்காரருக்குச் சொன்னாள். பல் பிடுங்கப் போன இடத்தில், வாய் மரத்துக் கிடந்த நிலையிலும் தாதியிடம் சொன்னாள். "ஜேர்மன்காரரே மூண்டு தரம் கோட்டை விடுற சோதினை. என்ர தம்பி முதல் தரத்திலேயே பாஸ்." மூன்று தரம் என்பது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

டொறத்திக்கு ஐம்பத்தாறு வயது. மன்னார் பேசாலையில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபத்துமூன்று வயதில் ஜேர்மனிக்கு வந்தாள். இருபத்தேழு வருடமாக ஓர் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் மாடியில் வேலை. சத்திரசிகிச்சை முடிந்து வரும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒப்பிட்டு, தட்டில் அடுக்கி, சுற்றி அனுப்ப வேண்டும். ஒரு தட்டில் அறுபத்துநான்கு உருப்படி என்றால் அறுபத்துநான்கும் இருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் டொறத்தி கட்டிய ஒரு தட்டும் பிழை என்று திரும்பி வந்ததில்லை. இதையும் அவள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள்.

பேனாட் அவளைவிடப் பதின்மூன்று வயது இளையவன். பதினொரு வயதில் ஒரு சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, கூரை வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி எடுத்துக் கொடுத்தது, சுஜீவாவைப் பேசிக் கட்டிவைத்தது எல்லாம் அக்காதான். தனக்கென்று ஒரு குடும்பத்தைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரம் வரவில்லை. நேரம் வந்தபோது அதைப் பற்றிக் கேட்பவர்களும் இல்லை.

வேட்டை அவனுக்கு வந்தது ஒரு கூரையால். நகரத்துக்குத் தெற்கே மலைச்சரிவில் லோமான் என்ற கிழவரின் கொட்டிலுக்கு ஓடு மாற்றப் போனான். லோமான் ஓய்வுபெற்ற இயந்திரத் தொழிலாளி. சுற்றியுள்ள காட்டில் வேட்டையாடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். கூரையில் நின்றபடி பேனாட் காட்டோரத்தில் நின்ற மான்களை எண்ணிச் சொன்ன விதம் அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஒரு வருடப் படிப்பு, சோதனை, பிறகு தன் காட்டில் வேட்டையாடலாம் என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒரு தாள். அந்தத் தாளின் படத்தை டொறத்தி தன் கைபேசியில் வைத்திருந்தாள்.

முதல் மான் மே மாதம் விழுந்தது. றே என்று இங்கே சொல்லும் சின்ன மான், ஒரு கிடா. தோல் உரித்து, குளிர வைத்து, முழுதாகக் கொண்டுவந்து டொறத்தியின் குசினி மேசையில் கிடத்தினான் பேனாட். ஜேர்மன்காரருக்குப் பின்தொடையும் முதுகு இறைச்சியும் போதும். டொறத்திக்கு வேண்டியது தோள், விலா, கழுத்து. எலும்போடு தறித்து, மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டுக் காய்ச்சினால்தான் அது கறி. அவள் தோளைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுவதும் கறுத்த இரத்தக் கட்டி.

"இதென்னடா, குண்டு விழுந்த வீடு மாதிரிக் கிடக்கு?"

"சன்னம் விரிஞ்சா அப்பிடித்தான் அக்கா. மான் நிண்ட இடத்திலேயே விழுந்திட்டுது. ஒரு துடிப்பும் இல்லை."

"மான் துடிக்கேல்லை. நான் துடிக்கிறன்."

வெட்டி எறிந்ததை அவள் நிறுத்துப் பார்த்தாள். இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது கிராம்.

ரவை என்று கடையில் வாங்குவது பித்தளைக் கோதும் வெடிமருந்தும் நுனியில் சன்னமும் சேர்ந்த முழு உருப்படி. பறந்து போய் மிருகத்தில் படுவது சன்னம் மட்டும் என்பதை டொறத்தி அந்த மே மாதத்தில்தான் தெரிந்துகொண்டாள். இந்த மாநிலத்தில் மானுக்கும் பன்றிக்கும் ஈயச் சன்னம் கூடாது. செம்புதான். செம்பிலும் பல வகை. ஒன்று தோலைக் கடந்த கையோடு இதழ் இதழாக விரிந்து உள்ளே எல்லாவற்றையும் கிழிக்கும். இன்னொன்று இறுகியது, தடித்த மிருகத்துக்குள் ஆழமாகப் போய்த்தான் விரியும். லோமான் பேனாட்டுக்குச் சொல்லிக் கொடுத்தது முதல் வகை. எட்டரைக் கிராம்.

அது அப்படியே இருந்திருக்கும், கொறற்றி வாயைத் திறந்திராவிட்டால்.

யூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கோவில் வாசலில், அங்கே பூசைக்கு வரும் கொறற்றி நாலு பேர் கேட்கத்தக்கதாகச் சொன்னாள். "டொறத்தி அக்கா, உங்கட தம்பி சுட்ட மானை நாங்கள் போனிலதான் பாத்தது. வாயில வைக்கிறது எப்ப?"

"கெவலாருக்கு வாருங்கோ," என்றாள் டொறத்தி, யோசிக்க ஒரு மூச்சுக்கூட எடுக்காமல். "ஒரு சட்டி நிறையக் கொண்டு வாறன்."

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கெங்கோ இருந்தெல்லாம் தமிழ்ச் சனம் கெவலார் மாதாவிடம் போகும். பூசை முடிந்ததும் கார்த் தரிப்பிடமும் மர நிழலும் சமையற்கட்டாக மாறிவிடும். அந்த இடத்தில் ஒரு சட்டியைத் திறந்தால் அது நாடு முழுவதும் திறந்த மாதிரி.

டொறத்தி கணக்குப் பார்த்தாள். நாற்பது பேர். ஒரு றேயில் எலும்போடு பதின்மூன்று, பதினான்கு கிலோ. இரண்டு தோளும் பழுதில்லாமல் வந்தால் தலைக்கு மூன்று துண்டு விழும். வராவிட்டால் இரண்டு. மூன்று துண்டு என்றால் விருந்து. இரண்டு என்றால் ருசி பார்க்கக் கொடுத்த மாதிரி.

அடுத்த சனிக்கிழமை பேனாட் நான்கு வகை ரவையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிக்கொண்டு சுடுதளத்துக்குப் போனான். ஒரு துவக்கு எல்லா ரவையையும் ஒரே மாதிரிச் சுடாது. எது அதற்கு ஒத்து வரும் என்று சுட்டுத்தான் பார்க்க வேண்டும். டொறத்தியும் போனாள். காதுக்கு மூடி போட்டுக்கொண்டு பின்னால் கதிரையில் இருந்தாள். நூறு மீற்றரில் ஒவ்வொரு வகையிலும் ஐந்து வெடி. அட்டை திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரியில் பாவிக்கும் உருக்கு அடிமட்டத்தால் துளைக்கும் துளைக்கும் இடையே அளந்து எழுதினாள்; இடைவெளி குறையக் குறையக் குறி தப்பாது. முதலில் சுட்டது அறுபத்தொரு மில்லிமீற்றர். லோமானின் எட்டரைக் கிராம் முப்பத்துநான்கு. மூன்றாவது நாற்பத்தேழு. கடைசி வகை, இறுகிய சன்னம், பதினொரு கிராம்: இருபத்தெட்டு.

"இதுதான்," என்றாள். பக்கத்து மேடையில் சுட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, இவ்வளவு துப்புரவான அட்டவணையைத் தான் கண்டதில்லை என்று சொன்னார். வீடு வரும்வரை டொறத்தி அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டு வந்தாள்.

மேலும் இரண்டு பெட்டி வாங்கக் கடைக்குப் போனபோதும் அவள் கூடப் போனாள். உரிமம் உள்ளவன்தான் வாங்கலாம். கூட நிற்க யாரும் தடை சொல்லவில்லை.

"எந்த மிருகத்துக்கு?" என்று கடைக்காரர் கேட்டார்.

"றே," என்றான் பேனாட்.

அவர் கை எட்டரைக் கிராம் பெட்டிக்குப் போயிற்று. டொறத்தி குறுக்கே கேட்டாள். "இறைச்சியைக் குறைவாகப் பழுதாக்குவது எது?"

"அப்படிப் பார்த்தால் இது." பதினொரு கிராம் பெட்டியைத் தொட்டார். "ஆனால் இது பெரிய சிவப்பு மானுக்கும் காட்டுப் பன்றிக்கும். றே மெலிந்த மிருகம். இது விரிய முன்னம் மற்றப் பக்கத்தால் போய்விடும். வேண்டாம் என்றுதான் நான் சொல்லுவேன்."

டொறத்தி அட்டவணையை எடுத்து வைத்தாள். அவர் மரியாதையோடு வாசித்தார். "நன்றாக அளந்திருக்கிறீர்கள். ஆனால் அட்டை எழும்பி ஓடாது, அம்மா."

டொறத்தி அதைப் பகிடியாக எடுத்துச் சிரித்தாள்.

"அக்கா, லோமானும் மற்றதைத்தான் சொன்னவர்," என்றான் பேனாட் தமிழில், மெதுவாக.

"லோமான் கறி காய்ச்சுறவரோ? தோளைத் தூக்கி நாய்க்குப் போடுற மனிசன். இருபத்தெட்டு மில்லிமீற்றர் எண்டா என்னெண்டு தெரியுமோ? நீ பாத்த இடத்தில படும். பாத்த இடத்தில பட்டா ஏன் விரிய வேணும்?"

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாட் தலையைச் சொறிந்து, சிரித்து, பதினொரு கிராமில் இரண்டு பெட்டி என்றான். அவனுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது சப்பாத்துக் கடையில் அக்கா காட்டிய சப்பாத்துக்கு அவன் ஆட்டிய அதே தலை. அன்றைக்கு அது டொறத்திக்குப் பெருமையாக இருந்தது.

கெவலாருக்கு முந்திய வியாழக்கிழமை காலை. டொறத்தி லீவு எடுத்திருந்தாள். குளிர்ப்பெட்டி இரண்டும் கழுவி, ஐஸ் நிரப்பி, கத்தி தீட்டி வாசலில் தயாராக இருந்தது. ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"விழுந்திட்டுதோ?"

"பட்டது அக்கா. விழேல்லை." பேனாட்டின் குரல் ஏதோ ஒளித்துப் பேசுகிற மாதிரி இருந்தது. "வெடி வைக்கேக்க மான் ஒரு அடி முன்னுக்கு வைச்சிட்டுது. கொஞ்சம் பின்னாலதான் பட்டிருக்கும். ஓடிட்டுது. நிண்ட இடத்தில ரத்தம் ஒரு சொட்டுத்தான் கிடக்கு."

"தேடிப் பாரன்."

"உடனே தேடக் கூடாது. லோமானுக்குப் போன் அடிச்சிட்டன். நாய் வருது."

வராதே என்று அவன் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. டொறத்தி சுஜீவாவைப் போனில் எழுப்பிக் காரை எடுத்துவரச் சொன்னாள். எப்படியும் கிடைக்கத்தானே போகிறது, வெயில் ஏற முன்னம் ஐஸில் வைத்தால் சரி என்பது அவள் நினைப்பு.

லோமானின் முற்றத்தில் மூன்று பேர் நின்றார்கள். பேனாட், தடியை ஊன்றியபடி லோமான், காயப்பட்ட மிருகத்தைத் தேடுவதற்கென்றே பழக்கிய ஒரு செம்மண் நிற நாயுடன் ஒரு பெண். டொறத்தி காரின் பின்கதவைத் திறந்து முதல் பெட்டியை இறக்கி நிலத்தில் வைத்தாள். இரண்டாவதையும் இறக்கினாள். ஐஸ் சலசலத்தது.

"அந்தப் பெட்டிகள் எதற்கு, ஃப்ராவ் லெம்பேட்?" என்று டொறத்தியிடம் கேட்டார் லோமான்.

"இறைச்சிக்கு."

அவர் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "அது இன்னும் உயிரோடு கிடக்கிறது," என்றார்.

சுஜீவா வந்து இரண்டு பெட்டிகளையும் திரும்பத் தூக்கிக் காருக்குள் வைத்து, "மச்சாள், உள்ள வந்து இருங்கோ," என்று டொறத்தியின் முழங்கையைப் பிடித்தாள். டொறத்தியின் முகம் காது வரைக்கும் எரிந்தது.

மூன்றரை மணி நேரம் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தினால் அது இன்னும் ஓடும்; விட்டால் எங்காவது படுக்கும். படுத்து என்ன செய்யும் என்று டொறத்தி கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. பேனாட் கொட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டு இருந்தான். ஏழரை, எட்டு, எட்டரை. வெயில் முற்றத்துக்குள் இறங்கியது. ஒவ்வொரு தடவை மணிக்கூட்டைப் பார்க்கும்போதும் அந்த மான் இன்னும் எங்கோ கிடக்கிறது என்பதுதான் டொறத்திக்கு மணியாகத் தெரிந்தது.

ஒன்பதரைக்கு நாய் இறங்கியது. நீண்ட வாரில் நாயும், பின்னால் அந்தப் பெண்ணும், பின்னால் பேனாட்டும் காட்டுக்குள் போனார்கள். லோமானின் இடுப்பு சரிவு ஏற விடாது. காட்டுப் பாதையின் ஓரத்தில் நின்றார். டொறத்தி அவர் பக்கத்தில் நின்றாள். அரை மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தூரத்தில் நாய் குரைத்தது, விடாமல் குரைத்தது. ஒரு வெடி. லோமான் தொப்பியைக் கழற்றினார்.

முட்பற்றைக்குள் கிடந்ததைப் பாதைக்கு இழுத்து வந்தார்கள். சின்னக் கிடா. வயிறு ஊதியிருந்தது, ஈ மொய்த்தது. தொள்ளாயிரம் மீற்றர் போயிருக்கிறது, இரண்டு தரம் படுத்து எழும்பியிருக்கிறது, தாங்கள் கிட்டப் போனபோது அதற்கு இன்னும் தலை தூக்க முடிந்தது என்று நாய்க்காரப் பெண் கணக்கு ஒப்படைப்பது போலச் சொன்னாள். லோமான் குனிந்து காலையில் பட்ட காயத்தைக் காட்டினார். உள்ளே போன துளைக்குள் டொறத்தியின் சுண்டு விரல் போகாது. மானைத் திருப்பினார். வெளியே வந்த துளையும் அதே அளவு. வாழ்நாள் முழுவதும் உருக்குச் சாமான்களின் அளவு பார்த்த கண். அவளுக்கு அடிமட்டம் தேவைப்படவில்லை.

"பின்னல் ஊசியால் குத்தின மாதிரி," என்றார் லோமான். ஒரு கிளை முறித்து மானின் வாயில் வைத்தார். அது இங்கே வேட்டைக்காரர் செய்யும் மரியாதை. கடைசி வாய் உணவு. பேனாட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். டொறத்தி தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். யாருக்காகப் போட்டாள் என்று பிறகு யோசித்தபோது தெரியவில்லை.

"எந்தச் சன்னம்?"

பேனாட் பெட்டியைக் கொடுத்தான். லோமான் அதைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து வாசித்தார். "பதினொரு கிராம். றேக்கு. இதை யார் தெரிவு செய்தது?"

"நான்," என்றான் பேனாட்.

டொறத்தி இரண்டு அடி தள்ளி நின்றாள். அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியது. இந்த இடத்தில் இரண்டு சொல் போதும். 'நான்தான்.' அவளுக்கு அது ஜேர்மனிலும் தெரியும். வாய் திறக்கவில்லை. இவர் முன்னால், இந்த நாய்க்காரப் பெண் முன்னால், ஐஸ் பெட்டியோடு வந்த பொம்பிளை இவள்தானா என்று அவர்கள் திரும்பிப் பார்ப்பதை நினைத்தபோது வாய் திறக்கவில்லை.

"ஒரு கையகலம் பின்னால் படுவது எனக்கும் நடந்திருக்கிறது," என்றார் லோமான். "அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். மற்றச் சன்னமாக இருந்தால் அறுபது மீற்றருக்குள் கிடந்திருக்கும். அதை நான் உனக்குச் சொல்லித் தந்தேன். ஞாயிற்றுக்கிழமை வா. ஏன் இதை வாங்கினாய் என்று சொல்லு. அதற்குப் பிறகு இந்தக் காட்டில் உனக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்போம்."

பேனாட் கேளாமலே சட்டைப் பையிலிருந்து கையெழுத்திட்ட தாளை எடுத்து நீட்டினான். அவர் வாங்கி மடித்து வைத்தார். இறைச்சி மனிதருக்கு உதவாது. அங்கேயே குழி வெட்டினார்கள். பேனாட்தான் வெட்டினான்.

திரும்பும்போது டொறத்தி அவனுடைய வான் வண்டியில் ஏறினாள். பாதி வழியில் அவள் வாய் திறந்தாள்.

"தம்பி, கடைக்காரன்தான் தந்தவன் எண்டு சொல்லுவம்."

பேனாட் வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த மனிசன் வேண்டாம் எண்டு சொன்னது உங்கட காதுக்கும் கேட்டது."

தான் சொன்னதைத் தன் காதாலேயே கேட்ட பிறகு டொறத்திக்கு வானின் கதவைத் திறந்து குதிக்கலாம் போல இருந்தது. "அப்ப நான் போய்ச் சொல்லுறன். நான்தான் எண்டு."

"வேண்டாம்."

"ஏன்ரா?"

"எனக்கு நாப்பத்திமூண்டு வயசு அக்கா. கூரையில பத்துப் பேரை வைச்சு வேலை வாங்குறன். அக்கா கறிக்குத் தோள் கேட்டவ, அதால இதை வாங்கினனான் எண்டு அந்த மனிசனிட்டச் சொல்லுறதோ? பேப்பர் போனாலும் பரவாயில்லை. அது ஏலாது."

வெள்ளிக்கிழமை டொறத்தி துருக்கிக் கடையில் ஆட்டிறைச்சி வாங்கினாள். சட்டி என்று சொன்னால் சட்டி போக வேண்டும். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

கெவலாரில் யாரும் கேட்கவில்லை. அதுதான் அவள் எதிர்பாராதது. பூசை முடிந்து வந்து மூடியைத் திறந்த கையோடு கொறற்றி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, "ஆகா!" என்றாள். "மான் எண்டா மான்தான். ஆட்டுக்கு இந்த வாசம் வருமோ? சும்மா சொல்லக் கூடாது, பேனாட் அண்ணை, கை குடுங்கோ!"

சனம் வரிசையில் நின்றது. ஹம்பேர்க்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் சட்டியோடு பேனாட்டை நிறுத்திப் படம் எடுத்தது. எப்படிச் சுட்டது, எத்தனை கிலோ, ஒரே வெடியா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பேனாட் டொறத்தியைப் பார்த்தான். "அக்காவைக் கேளுங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு வானின் மறுபக்கம் போய்விட்டான்.

டொறத்தி அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு. எதையும் எண்ணாமல் இருக்க அவளால் முடியாது. பதினேழு தட்டுக்குப் போட்டாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பாராட்டு. ஒவ்வொன்றும் தோளில் கல்லாக ஏறியது. பதினெட்டாவது தட்டை நீட்டிய கிழவி, "பிள்ளை, தம்பியை நல்லா வளத்திருக்கிறாய்," என்றாள்.

டொறத்தி அகப்பையைச் சட்டிக்குள் விட்டாள்.

"இது ஆடு."

"என்ன?"

"ஆடு. நேற்றுக் கடையில வாங்கினது." குரல் உயர்ந்துவிட்டது, வரிசையின் கடைசி வரை தலைகள் திரும்பின. "மான் வியாழக்கிழமை பட்டது. அவன் நல்ல ரவைதான் வைச்சிருந்தவன். தோள் பழுதாகுது, உங்கள் எல்லாருக்கும் துண்டு காணாது எண்டு நான்தான் வேறை ரவை வாங்கப் பண்ணினனான். கடைக்காரன் வேண்டாமெண்டான், கேக்கேல்லை. அது ஊசி போல உள்ள போய் வெளிய வந்திட்டுது. அந்த மிருகம் நாலு மணித்தியாலத்துக்கு மேல பற்றைக்குள்ள கிடந்தது. இறைச்சி குழிக்குள்ள போச்சுது. அவனை இனி அந்தக் காட்டுக்குள்ள விடுவினமோ தெரியாது."

கொறற்றி முதலில் வாய் திறந்தாள். "அதுக்கென்ன அக்கா, ஆடும் நல்லாத்தான் இருக்கு." ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "ஒரு மிருகம் தானே, விடுங்கோ," என்றார். வரிசை மறுபடி நகர்ந்தது. அவர்கள் இவ்வளவு சுலபமாக மன்னித்தது டொறத்திக்கு அடியை விட வலித்தது. இவர்களுடைய மூன்றாவது துண்டுக்காகத்தான் அவள் அதைச் செய்தாள். இவர்களுக்கு மூன்றாவது துண்டு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

"அப்ப உங்கட தம்பிக்குச் சுடத் தெரியாதோ?" என்று ஹம்பேர்க்காரர் கேட்டார்.

"அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் வாய் பொத்தத் தெரியாது."

வானுக்குப் பின்னால் பேனாட் நின்றான். எல்லாம் கேட்டிருந்தது என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவன் கோபிக்கவில்லை. சட்டியை வானில் ஏற்றி, அக்காவை அவள் வாசலில் இறக்கிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளுடைய வாசல் மணி அடித்தது. "வெளிக்கிடுங்கோ," என்றான் பேனாட்.

"நானுமோ?"

"கெவலாரில நூறு பேருக்குச் சொல்லியாச்சு. இனி லோமானுக்கு மட்டும் என்ன ஒளிப்பு?"

லோமான் முற்றத்து மர வாங்கில் இருந்தார். இருக்கச் சொன்னார். டொறத்தி இருக்கவில்லை. பேனாட்டும் நின்றபடியே பேசினான். கூரை வேலையில் படித்த நேரான ஜேர்மன். "எது சரி என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லித் தந்தது மறக்கவில்லை. அக்கா கறிக்கு இறைச்சி பழுதாகக் கூடாது என்றார். அக்காவுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் வாங்கினேன்."

கழுத்து, காது, நெற்றி எல்லாம் சிவந்து அவன் அதைச் சொல்லி முடிக்கும்வரை டொறத்தியால் நிமிர முடியவில்லை. முப்பத்திரண்டு வருடமாக அவனைத் தலை நிமிர்த்தி நிறுத்தத்தான் பாடுபட்டதாக அவள் நினைத்திருந்தாள்.

"பிழை என்னுடையது, ஹெர் லோமான்," என்றாள். வியாழக்கிழமை வராத சொல் இப்போது வந்தது.

"நீங்கள் சுடவில்லை, ஃப்ராவ் லெம்பேட்," என்றார் அவர். அவர் அதைச் சொன்ன விதம் ஆறுதலாக இருக்கவில்லை. இந்த விடயத்தில் உங்களுக்கு இடமே இருந்திருக்கக் கூடாது என்பதுதான் அதில் இருந்தது.

அவர் பேனாட்டிடம் திரும்பினார். "கடைக்காரன் தந்தான் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கே போகச் சொல்லியிருப்பேன். நான் நேற்று அவனோடு பேசிவிட்டேன்." டொறத்தி வாங்கின் ஓரத்தில் போய் இருந்தாள். "அடுத்த மே மாதம் வரை துவக்கு பெட்டிக்குள் இருக்கட்டும். தாளும் என்னிடம் இருக்கட்டும். காட்டில் மூன்று பரண் ஆடுகிறது, ஏணி உக்கிவிட்டது. அதைத் திருத்த வா. மே மாதம் என்னோடு இருந்து சுடு. அதற்குப் பிறகு தனியே."

"சரி," என்றான் பேனாட். கை கொடுத்தான். லோமான் டொறத்திக்கும் கை கொடுத்தார்.

வானுக்கு நடக்கும்போது மழைத் தூறல் விழுந்தது. பேனாட் ஓட்டுநர் கதவைத் திறந்து, ஏறாமல், திரும்பி அவளைப் பார்த்தான்.

"அக்கா, இனி ரவை வாங்க நான் தனியப் போறன்."

டொறத்திக்கு எத்தனையோ மறுமொழி இருந்தது. சின்ன வயதிலிருந்து அவன் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒன்று அவளிடம் இருக்கும்.

"ஓம்," என்றாள்.

அவன் இன்னும் ஏதாவது வரும் என்று ஒரு கணம் பொறுத்துப் பார்த்தான். அவள் தன் பக்கக் கதவைத் திறந்தாள். இருவரும் ஏறினார்கள்.